லிபெட் கடிகாரம்: அந்த 200 மில்லிவிநாடியை நம்பலாமா?

(ஊர்ப் பேர்ல எழுதுற குழு உறுப்பினர்களோட விவாதம்)

களியக்காவிளை: திருவனந்தபுரத்துல நடந்த மூளை ஆய்வு உரையில தெளிவாச் சொல்லிட்டாங்க. மணிக்கட்டை மடக்குறதுக்கு 550 மில்லிவிநாடி முன்னாலயே மூளையில அலை எழும்புது. ‘மடக்கணும்’னு நமக்குத் தோணுறது வெறும் 200 முன்னால. மூளை ஆய்வாளர் லிபெட் 1983லயே காட்டிட்டார். சுயமா முடிவெடுக்கிறோம்னு இனி யாரும் பேச வேண்டாம்.

குழித்துறை: யாரு வோய் பேச வேண்டாம்னு தடை போட்டது? அந்த 200 எப்படி வந்துச்சுன்னு உரையில கேட்டீங்களா? திரையில ஒரு ஒளிப்புள்ளி 2.56 விநாடிக்கு ஒரு சுத்து சுத்தும். வட்டத்துல 60 பிரிவு, ஒரு பிரிவு சுமார் 43 மில்லிவிநாடி. கையை மடக்கி முடிச்சப்புறம், ‘தோணினப்ப புள்ளி எங்க இருந்துச்சு’ன்னு ஆள் நினைவுலேருந்து சொல்லணும். இதுதான் உங்க அளவுகோல்.

சித்தூர் (பாலக்காடு): அரைகுறையாச் சொல்லாதீங்க அண்ணாச்சி. தோல்ல லேசா மின் தொடுகை கொடுத்து, அது எப்பப் பட்டுதுன்னும் அதே கடிகாரத்துல கேட்டாங்க. சுமார் 50 முந்திச் சொன்னாங்க. அதைக் கழிச்சா 150. 550 எங்க, 150 எங்க?

குழித்துறை: தொடுகை வெளியேருந்து வருது, எண்ணம் உள்ளேருந்து. ஒண்ணோட பிழையை இன்னொண்ணுக்குக் கழிக்க யார் அனுமதி கொடுத்தா? 2009ல பேங்க்ஸ், ஐஷம்னு ரெண்டு ஆய்வாளர்கள், ஆட்கள் பொத்தானை அமுக்கின பிறகு 5லேருந்து 60 மில்லிவிநாடி வரை தாமதிச்சு ஒரு பீப் ஒலி விட்டாங்க. பீப்பைத் தள்ளத் தள்ள, ‘முடிவெடுத்த நேரம்’னு ஆட்கள் சொன்னதும் பின்னால நகர்ந்துச்சு. முடிஞ்சுபோன முடிவு பிறகு வர்ற ஒலிக்கு எப்படி நகரும்? பதில் சொல்லுங்க.

வாளையார்: முதல்ல ‘முடிவு’ன்னா என்னன்னு ஒரு வரையறை வச்சுக்கிட்டுப் பேசலாமே?

களியக்காவிளை: கடிகாரம் கிடக்கட்டும், அலை பொய்யா? 1965லயே கோர்ன்ஹூபர், டீக்கேங்கற ஆய்வாளர்கள் பதிவு பண்ணினதாச்சே!

குழித்துறை: பொய்னு நான் எங்க சொன்னேன்? ஒரே தடவையில அது கண்ணுக்குத் தெரியாது. உச்சந்தலை மின்முனையில சில மைக்ரோவோல்ட்தான், மூளையோட ஆல்ஃபா அலை அதைவிடப் பெருசு, அது இதை மூடிரும். அதான் 40 தடவை மடக்கச் சொல்லி, தசை மின்னலை தொடங்குற இடத்தைப் பூஜ்யமா வச்சுப் பின்னோக்கிச் சராசரி எடுக்கறாங்க. ஷூர்கர்ங்கற ஆய்வாளர் 2012ல கேட்ட கேள்வி இதுதான்: மூளையோட தற்செயல் ஏற்ற இறக்கம் ஒரு எல்லையைத் தொடுறப்ப மட்டும் கை அசையுதுன்னா? தொட்ட தருணங்களை மட்டும் அடுக்கிச் சராசரி எடுத்தா, முன்கூட்டியே மெல்ல ஏறின மாதிரி ஒரு வளைவு தானா வந்திரும். அதோட, மெதுவான அலைகளை வெட்டுற ஹைபாஸ் வடிகட்டியை 1 ஹெர்ட்ஸ்ல வச்சா அந்த வளைவே தேஞ்சு போகும்.

சித்தூர்: 1ல யார் வைப்பா? 0.1 போதும்.

குழித்துறை: 0.1லயும் விநாடிக்கணக்குல நீளுற அலையோட வடிவம் கெடும். 0.01க்கு இறக்கணும். இறக்கினா, நம்ம ஊர் புழுக்கத்துல தலைத்தோல் வியர்த்து அடிக்கோடு இழுத்துட்டே போகும். அறையைக் குளிர வைக்காம எடுத்த பதிவு குப்பைக்குத்தான்.

சித்தூர்: போன மாசம் இன்னொரு விவாதத்துலயும் இப்படித்தான் வடிகட்டியைப் பிடிச்சுத் தொங்கினீங்க. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

குழித்துறை: பதிவையே அழிச்சுட்டு ஓடினவருக்கு எங்க போய்ப் பதில் சொல்ல?

களியக்காவிளை: அழிச்சது குழு நிர்வாகி. வீண்பழி வேண்டாம்!

சித்தூர்: எப்படிக் கழிச்சாலும் 150தான், 550 இல்ல.

குழித்துறை: அந்த 150ம் அதே கடிகாரத்துலேருந்து வந்ததுதான். பீப் கேள்விக்குப் பதில் எங்க?