சீலிங்கில் தேர் வரைய வேண்டும்: குதிரைக்குக் காலே தெரியவில்லை

கோத்தகிரித் தூரிகை:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கிறேன். முப்பது வருடமாகக் கடை போர்டு எழுதுகிறவன். பிளக்ஸ் வந்த பிறகு கை சும்மாதான் கிடந்தது. இப்போது ஊர்க் கூடத்து சீலிங்கில் 16 அடிக்கு 12 அடியில் ஒரு படம் கேட்கிறார்கள்: மேகம், சூரியன், நடுவில் தேர்.

ஏ4 தாளில் பென்சிலில் போட்டதை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கட்டம் போட்டுப் பெரிதாக்கி, குதிரையை மட்டும் சார்ட்டில் வரைந்து மேலே ஒட்டிப் பார்த்தேன். நேர் கீழே நின்றால் குதிரை. வாசலில் நின்றால் எருமைக்கன்று! கால் இருக்கிற இடமே தெரியவில்லை. மகள் போனில் பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவாவின் சீலிங் படத்தைக் காட்டினாள். அவர்களெல்லாம் இதற்கு எப்படித் தயாரானார்கள்? இன்னொன்று, ஜூன் பிறந்தால் இங்கே சுவரெல்லாம் பூசணம். நேராக சீலிங்கில் வரையலாமா, துணியிலா?

ஊட்டி டிராயிங் வாத்தியார்:
மகள் காட்டியது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், கிரேக்கச் சூரியக் கடவுள் அப்பல்லோ பெயரிலுள்ள கூடத்துப் படமாக இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் லெ பிரன் என்ற ஓவியர் தொடங்கிய அலங்காரம் அது. ராஜா பதினான்காம் லூயியின் கவனம் வெர்சாய் அரண்மனைப் பக்கம் போனதும் பாதியில் நின்றது. நடுப்பகுதி 1850இல்தான் டெலாக்ருவா கைக்கு வந்தது. சுமார் 8 மீட்டருக்கு 7.5 மீட்டர். தேரில் நின்று அப்பல்லோ பெரும்பாம்பின் மேல் அம்பு விடுகிறான், உங்கள் படத்துக்குக் கிட்டத்தட்ட உறவு!

அவர் பென்சிலோடு நிற்கவில்லை. உருவங்களைத் தனித்தனியாக வரைந்து பார்த்தார், அப்புறம் சின்ன அளவில் எண்ணெய் வண்ணத்திலேயே ஒரு முழு மாதிரி. வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்பது அதிலேயே முடிவாகிவிடும். அப்பல்லோவுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம், பாம்பு கிடக்கிற அடிப்பக்கம் இருட்டு. பெரிய துணியில் ஏற்றும்போது ஆந்திரியே என்ற உதவியாளர் கூட இருந்தார். உங்களிடம் கோடு மட்டும்தான் இருக்கிறது. அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது வெளிச்சம்தான்.

குன்னூர்க்காரி:
வாத்தியார் ஐயா சொன்னது சரி, ஆனால் அதே காலத்து பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ரை விட்டுவிட்டார். 1827இல் கிரேக்கக் கவி ஹோமருக்கு முடிசூட்டும் படத்தை லூவர் சீலிங்குக்குத்தான் அவர் வரைந்தார். ஆனால் அண்ணாந்து பார்ப்பவருக்காக எதையும் வளைக்கவில்லை, சுவரில் மாட்டும் படம் போலவே போட்டுவிட்டார். கை, கால், துணி மடிப்பு என்று அத்தனை முன்வரைவுகள்! இறந்தபோது சொந்த ஊரான மோந்தோபானுக்கு அவர் விட்டுப்போன வரைபடங்கள் 4,000க்கும் மேல். 1855இல் அந்தப் படத்தைக் கீழே இறக்கி, மேலே நகலை வைத்தார்கள். அசல் இன்று சுவரில் இருக்கிறது, எனக்கென்னவோ அதுதான் அதன் இடம்.

உங்கள் குதிரைக்கு வருகிறேன். வாசலிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சீலிங்கின் தூர ஓரம்தான் பார்வையில் கீழ்ப்பக்கமாகத் தெரியும். அதனால் கால் தூரப் பக்கம், தலை வாசல் பக்கம் வரட்டும். தூரத்தில் இருப்பது அதிகம் சுருங்கும், காலை நீட்டிப் போடுங்கள். ஏ4 தாளை மேசைக்கு அடியில் ஒட்டித் தள்ளி உட்கார்ந்து பாருங்கள், சாரம் ஏற வேண்டாம்.

பெயின்ட் மேஸ்திரி:
டெலாக்ருவா இரண்டு விதமாகவும் செய்திருக்கிறார். அப்பல்லோ படம் துணியில் வரைந்து ஒட்டியது. பாரிஸில் நாடாளுமன்றம் கூடும் பூர்போன் மாளிகையின் நூலகத்தில் இரு முனை அரைவட்டங்களும் நேராகச் சுவரிலேயே, மெழுகு கலந்த எண்ணெய் வண்ணத்தில். நம் ஊருக்குத் துணிதான். ஒரு கூடத்தில் நேராக அடித்துவிட்டு, ஒரே மழைக்காலத்தில் வானம் முழுக்க அப்பளமாக உரிந்ததை நானே பார்த்தேன், கூலியும் பாதிதான் வந்தது. பிளைவுட் பலகைகளில் துணியை ஒட்டி, இரு பக்கமும் பிரைமர் அடித்து, ஸ்குரூவில் மாட்டுங்கள். ஒழுகினால் ஒரு பலகையை மட்டும் கழற்றலாம்.

கோத்தகிரித் தூரிகை:
மேசைக்கு அடியில் ஒட்டிப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு தீர்ப்பு. பின்னங்காலை ஒரு விரற்கடை நீட்டியதும் மகள், "அப்பா, இப்போ ஓடுது" என்றாள். பெரிய அளவில் அது ஒரு அடி வரும் போலிருக்கிறது. சாரம் கட்ட ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்கள். அதற்குள் வண்ணத்தில் ஒரு சின்ன மாதிரி போட்டுவிடுகிறேன்.