நிலைமின்காட்டியில் மின்னூட்டம் நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

அறிவியல் ஆசிரியை, நாகப்பட்டினம்:
எட்டாம் வகுப்புக்கு நிலைமின்காட்டி (ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறதா என்று காட்டும் கருவி) ஒன்று செய்திருக்கிறேன். கண்ணாடி ஊறுகாய் பாட்டில், வாயில் கார்க், நடுவே செம்புக் கம்பி, கீழ்முனையில் இரண்டு அலுமினியத் தாள் கீற்றுகள். பி.வி.சி குழாயைக் கம்பளியில் தேய்த்துக் கிட்டே கொண்டுபோனால் கீற்றுகள் விரிகின்றன, எடுத்ததும் சேர்ந்துவிடுகின்றன. குழாயால் கம்பியைத் தொட்டாலும் கொஞ்சம்தான் விரிகிறது, அதுவும் கண்ணெதிரே சுருங்கிவிடுகிறது. இங்கே ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. பிள்ளைகளுக்கு இதை எப்படியாவது காட்டியே ஆகணும்.

பதில் 1:
தாள் கனமா இருக்கும் டீச்சர். 1787-ல் ஆபிரகாம் பென்னட் தங்க இலையில்தானே செய்தார்? சாக்லேட் சுற்றி வரும் மெல்லிய தாளைப் போட்டுப் பாருங்க.

பதில் 2 (கல்லூரி ஆய்வக உதவியாளர்):
தாளில் குறை இல்லைங்க. கிட்டே கொண்டுபோனாலே விரிகிறதே! எடுத்ததும் சேர்வதும் சரிதான். குழாயிலுள்ள எதிர் மின்னூட்டம் கம்பியின் எலக்ட்ரான்களைக் கீழே தள்ளுகிறது, குழாய் போனதும் அவை பழைய இடத்துக்கு வந்துவிடும். வெளியிலிருந்து எதுவும் ஏறவில்லை.

தொட்ட பிறகும் சுருங்குவதுதான் கோளாறு. எனக்குக் கார்க் மேல்தான் சந்தேகம். ஈரக் காற்றே மின்சாரத்தைக் கடத்திக்கொண்டு போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கார்க்கிலும் கண்ணாடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் படியும் நீர்ப்படலம்தான் வழி. கைவியர்வையின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கார்க்கின் துளையைப் பெரிதாக்கி, மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி, கம்பியை அதன் நடுவில் நிறுத்துங்க. கம்பி கார்க்கிலோ கண்ணாடியிலோ படக்கூடாது. பாட்டிலின் உள்ளே ஹேர் டிரையர் காட்டி உலர்த்துங்க. மேல்முனை கூராக இருந்தால் வளையமாகச் சுருட்டிவிடுங்க, கூர்முனையில் மின்னூட்டம் கசியும்.

பதில் 3 (இயற்பியல் ஆசிரியர்):
இன்னொன்று டீச்சர். பி.வி.சி ஒரு காப்பான், அதாவது மின்சாரத்தைக் கடத்தாத பொருள். ஒரு புள்ளியில் தொட்டால் அந்தப் புள்ளியில் இருப்பது மட்டும்தான் இறங்கும், குழாயைக் கம்பி மேல் இழுத்துத் தேய்க்கணும். அதைவிட மின்தூண்டல், அதாவது குழாய் கம்பியில் படாமலே மின்னூட்டம் ஏற்றுவது, நல்லது. குழாயைக் கிட்டே பிடித்தபடியே விரலால் கம்பியைத் தொடுங்க, கீற்றுகள் சேரும். முதலில் விரல், பிறகுதான் குழாய், இந்த வரிசையில் எடுக்கணும். மாற்றி எடுத்தால் எதுவும் மிஞ்சாது. குழாயின் மின்னூட்டம் குறையாததால் திரும்பத் திரும்பச் செய்து காட்டலாம்.

அறிவியல் ஆசிரியை:
மெழுகு வைத்ததும் மின்னூட்டம் போகாமல் நின்றுவிட்டது! பாடவேளை முடியும்வரை கீற்றுகள் விரிந்தே இருந்தன. மின்தூண்டலும் செய்தோம். அதன்பின் குழாயை மெதுவாகக் கிட்டே கொண்டுவந்தால் கீற்றுகள் நெருங்குகின்றன, பட்டில் தேய்த்த கண்ணாடித் தண்டைக் கொண்டுவந்தால் இன்னும் விரிகின்றன. ஒரு மாணவி கேட்டாள்: "குழாயில் எதிர் மின்னூட்டம், கம்பியில் நேர் மின்னூட்டம் எங்கிருந்து மிஸ் வந்தது?"

பதில் 3:
அருமையான கேள்வி! நேர் மின்னூட்டம் எங்கிருந்தும் வரவில்லை. குழாய் துரத்திய எலக்ட்ரான்கள் உங்கள் விரல் வழியாக, உடம்பு வழியாகத் தரைக்குப் போய்விட்டன. கம்பியில் எலக்ட்ரான் பற்றாக்குறை, அதைத்தான் நேர் என்கிறோம். கம்பளியும் அப்படித்தான்: குழாய்க்கு எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவு அதில் குறைந்திருக்கும். தேய்த்த கையோடு கம்பளியைப் பிளாஸ்டிக் இடுக்கியில் பிடித்து நிலைமின்காட்டி அருகே கொண்டுபோகச் சொல்லுங்க, அவளே பார்க்கட்டும்.