செல்லைப் பிரிக்க ஒரு சொல்

தாம்பரத்திலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். செய்முறைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். குழாயின் அடியில் ஃபைகால் என்னும் கனமான கரைசல் (அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.077 கிராம்), அதன்மேல் உப்புக்கரைசல் சேர்த்த ரத்தத்தை, இரண்டும் கலந்துவிடாமல் சுவரோரமாக வழியவிட்டு, சென்ட்ரிஃபியூஜ் கருவியில் 400 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு விசையில்) அரைமணி நேரம் சுற்றவிடுகிறோம். சிவப்பணு அடிக்குப் போய்விடும். வெள்ளையணுக்களில் லிம்போசைட்டும் மோனோசைட்டும் நடுவில் மங்கலான வெள்ளை வளையமாக நிற்கும். பழைய கையேட்டில் இதற்கு 'அடர்த்திச் சாய்வு மையவிலக்குப் பிரிப்பு'. பிள்ளைகள் வாயில் நுழையவில்லை.

மயிலாப்பூரிலிருந்து:
நாம் பார்க்காத வேலையா இது? அரிசியில் கல் இருந்தால் பாட்டி இரண்டு பாத்திரம் வைத்துக்கொண்டு தண்ணீரோடு ஆட்டி ஆட்டிச் சாய்ப்பாள், அரிசி நீரோடு அந்தப் பக்கம் போகும், கனத்த கல் இந்தப் பாத்திரத்தின் அடியில் தங்கும். அதற்குப் பெயர் அரித்தல். அரிசி என்ற சொல்லே இந்த 'அரி'யில் பிறந்தது என்பது என் கட்சி, அதைத் தனி மடலில் எழுதுகிறேன். 'செல் அரிப்பு' என்று வையுங்கள்.

பெரம்பூரிலிருந்து:
ஐயா, செல்லரிப்பு என் வீட்டுப் புத்தக அலமாரியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. 'உயிரணு அரிப்பு' என்றால் தோல் டாக்டரிடம் அனுப்புவார்கள். ஈழத்து வழக்கில் செல்லுக்குக் 'கலம்', அதை எடுத்தால் கரையான் தொல்லை இல்லை, ஆனால் 'கல அரிப்பு' என்றதும் துருப்பிடித்த பாத்திரம்தான் கண்ணில் நிற்கிறது. அப்புறம், ஃபைகாலில் சாய்வே கிடையாது, ஒரே ஒரு படிதான். பெர்கோல் என்ற வேறொரு கரைசலைச் சுற்றினால்தான் மேலிருந்து கீழாக அடர்த்தி சீராக ஏறும். அதற்கு வேண்டுமானால் மொட்டைமாடித் தளத்துக்குக் கொத்தனார் விடும் 'வாட்டம்' பொருந்தும்.

மயிலாப்பூரிலிருந்து:
'அடர்த்தி வாட்டம்' என்றால் செடி வாடுகிறது. பாட்டி சொல் ஆகாது, கொத்தனார் சொல் ஆகுமோ?

தாம்பரத்திலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. 'அடர்த்திவழிப் பிரிப்பு' என்று போட்டுவிட்டேன், கருவி 'மையவிலக்கி'யாகவே இருக்கட்டும்.

மயிலாப்பூரிலிருந்து:
நான் ஒப்பவில்லை என்று பதிவு செய்யுங்கள். ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள், பருமனான செல் முந்திக்கொண்டு இறங்கியிருக்கும். அங்கே பிரித்தது அடர்த்தி மட்டும்தானா?

தாம்பரத்திலிருந்து:
பதிந்துகொண்டேன் ஐயா. இன்னொரு சிக்கல். கடைசியில் பிரேக் போட்டால் குழாயில் வளையம் கலைந்துவிடும் என்பதால் 'தடையின்றி நிற்கவிடவும்' என்று எழுதியிருந்தேன். ஆய்வக உதவியாளர் படித்துவிட்டு, "அன்னைக்கு கரன்ட் போகாம பாத்துக்கணுமா சார்?" என்கிறார். இதற்கு வேறு சொல் உண்டா?