சேர்க்கும்போதே கிருமிச் சோதனை: டெல்டா மருத்துவமனைகளுக்குப் பொருந்துமா?

வெண்ணாற்றங்கரை:
மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கத்து நர்சிங் ஹோம்களில் பல நாள் படுத்திருந்துவிட்டு மேல்சிகிச்சைக்காகத் தஞ்சாவூருக்கு வருகிறவர்களை, ஐ.சி.யு.வில் சேர்க்கும்போதே மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளுக்காகச் சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு (மெதிசிலின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி) மூக்கிலும், கார்பாபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகளுக்கு ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால் போதும். கிருமியைச் சுமப்பவருக்குக் காய்ச்சலோ சீழோ இல்லாமலிருக்கலாம். அவரைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் அது பரவிவிடும். நெதர்லாந்தில் இப்படித் தேடிக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தித்தான் எம்.ஆர்.எஸ்.ஏ.வை மிகக் குறைவாக வைத்திருக்கிறார்கள்.

குடமுருட்டி:
அங்கே தனி அறை இருக்கிறது ஐயா. இங்கே கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு வர இரண்டு, மூன்று நாள் ஆகிறது. வந்த பிறகும் நோயாளி அதே கட்டிலில்தான் இருப்பார். இங்கிலாந்தில் 2010 முடிவதற்குள் மருத்துவமனையில் சேரும் ஏறக்குறைய அனைவருக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ. சோதனை என்று விரிவாக்கிவிட்டு, 2014-இல் ஆபத்து மிகுந்த பிரிவுகளுக்கு மட்டும் எனச் சுருக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் 43 மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், யாரையும் சோதிக்காமல் ஐ.சி.யு. நோயாளிகள் எல்லோருக்கும் தினமும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி தோய்த்த துணியால் உடலைத் துடைத்து, முதல் ஐந்து நாள் மூக்கில் முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு தடவியபோது இரத்தத் தொற்று 44 சதவீதம் குறைந்தது. சோதித்துத் தனிமைப்படுத்திய பிரிவில் அது ஏறக்குறைய அப்படியே இருந்தது.

வெண்ணாற்றங்கரை:
தோலையும் மூக்கையும் துடைத்தால் குடலில் இருப்பது போய்விடுமா? கார்பாபெனம் மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 என்ற நொதியைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வில் சென்னையிலிருந்து எடுத்த மாதிரிகளும் இருந்தன. நம் ஊரில் பெரும் கவலை இந்தக் குடல் கிருமிகள்தாம். அவற்றைச் சுமப்பவரிடமிருந்து முழுவதுமாக அகற்ற நம்பகமான மருந்து இல்லை என்பதால், யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது இன்னும் அவசியமாகிறது.

குடமுருட்டி:
தெரிந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லுங்கள். கிருமி இருப்பது வேறு, தொற்று வேறு. பஞ்சுக்குச்சி முடிவை மட்டும் பார்த்துவிட்டுக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை ஏற்றினால் நம்மிடம் உள்ள அந்தக் கடைசி மருந்தும் வீணாகும், சிறுநீரகமும் கெடும்.

திருவாரூர் செவிலியர்:
பணியில் இருப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஒரு வார்டில் நான்கு நோயாளிகளின் சிறுநீர்ப் பைகளையும் ஒரே பிளாஸ்டிக் மக்கில்தான் வடித்துக் கொட்டுவோம். துணைக்கு இருக்கும் உறவினர் அதைக் கொட்டிவிட்டு வந்த கையோடு மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவார். அங்கே எல்லோரையும் சோதித்திருந்தாலும் அந்த மக் மாறியிருக்காது. ஆளுக்கொரு மக்கும் கட்டிலுக்கொரு கைகழுவும் திரவமும் முதலில் வரட்டும். வெளியிலிருந்து மாற்றப்பட்டு வருகிறவர்களை மட்டும் சோதிக்கலாம். முடிவு வரும்வரை ஓர் ஓரத்தில் சேர்த்துப் படுக்கவைத்து, ஷிப்டுக்கு ஒரு செவிலியரை அவர்களுக்கென ஒதுக்கலாம்.

வெண்ணாற்றங்கரை:
அம்மா சொல்லும் அளவுக்குச் சோதனையைச் சுருக்குவதை ஏற்கிறேன். மக் வரும்வரை சோதனை காத்திருக்க வேண்டும் என்பதை ஏற்கவில்லை. அனுப்புகிற மருத்துவமனை, முந்தைய கல்ச்சர் முடிவையும் கொடுத்த ஆன்டிபயாடிக்குகளின் பெயரையும் சீட்டில் எழுதியே தீர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி:
சீட்டு விஷயத்தில் மறுப்பில்லை. சோதனைக் கட்டணம் நோயாளியின் தலையில் விழாது என்று யார் உறுதி சொல்வது?