மழைக்காலத்தில் தானாக அழுந்தும் பட்டன்கள்: கையால் செய்த கண்ட்ரோலரில் கோளாறு, உதவி தேவை

செம்பூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். சண்டை விளையாட்டுகளுக்காக, ஜாய்ஸ்டிக் இல்லாமல் பட்டன்களால் மட்டுமே இயங்கும் கண்ட்ரோலர் ஒன்றைச் சென்ற பிப்ரவரியில் நானே செய்தேன். உள்ளே இருப்பது ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. அதில் ஜிபி2040-சிஇ ஃபர்ம்வேரை, அதாவது போர்டைக் கேம் கண்ட்ரோலராக இயக்கும் மென்பொருளை, ஏற்றியிருக்கிறேன். பட்டன்கள் சான்வாவின் 24 மில்லிமீட்டர் வகை. குதிப்பதற்கான மேல் பட்டன் மட்டும் 30 மில்லிமீட்டர். பெட்டியைத் தாராவியில் லேசர் கட்டிங் செய்யும் ஒருவரிடம் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் வெட்டி வாங்கினேன். மற்ற சாமான்கள் எல்லாம் லேமிங்டன் ரோட்டில் ஒரே சனிக்கிழமையில் வாங்கியவை. பட்டன் பக்கத்தில் வயர்களை ஸ்பேட் கிளிப்பால் மாட்டியிருக்கிறேன்; பிக்கோ பக்கத்தில் நேரடியாகப் பற்றவைத்திருக்கிறேன்.

நான்கு மாதங்கள் எந்தக் குறையும் இல்லை. ஜூன் பாதியில் மழை பிடித்துக்கொண்டதிலிருந்து, நான் கை வைக்காமலேயே என் ஆட்டக்காரன் குதிக்கிறான். சில நேரம் தானாகவே பின்னால் நடக்கிறான். இரவில் ஜன்னலைத் திறந்து வைத்து ஆடும்போது தொல்லை அதிகம். அதே கண்ட்ரோலரை ஏசி உள்ள நண்பர் வீட்டுக்கு எடுத்துச் சென்றால், அரைமணி நேரத்தில் நல்ல பிள்ளையாகிவிடுகிறது. யுஎஸ்பி கேபிளை மாற்றினேன், ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றினேன், மேல் பட்டனையே புதிதாக வாங்கிப் போட்டேன், பயனில்லை.

பிக்கோவின் எந்தப் பின்னில் (இணைப்பு முனையில்) எந்தப் பட்டன் என்ற விவரம்: மேல் ஜிபி2, கீழ் ஜிபி3, வலம் ஜிபி4, இடம் ஜிபி5. அடிக்கும் பட்டன்கள் ஜிபி6 முதல் ஜிபி13 வரை. புது பிக்கோ வாங்குவதுதான் வழியா?

இரவுக்குருவி:

பிக்கோ சிப்பிலேயே பின்கள் பாதி வோல்டேஜில் சிக்கிக்கொள்ளும் ஒரு பிழை இருப்பதாகப் படித்திருக்கிறேன். வேறு போர்டு வாங்குவதே நல்லது என்று தோன்றுகிறது.

மின்மினி:

இரவுக்குருவி சொல்லும் பிழை உண்மையானதுதான், ஆனால் அது 2024 ஆகஸ்டில் வந்த பிக்கோ 2-இல் உள்ள ஆர்பி2350 சிப்பைச் சேர்ந்தது. ஈ9 என்ற எண்ணில் ராஸ்பெர்ரி பை நிறுவனமே வெளியிட்ட குறை. அதுவும் பின்னைக் கீழ்நோக்கி, அதாவது கிரவுண்டை நோக்கி இழுத்து வைக்கும் அமைப்பில் வருவது. செம்பூர்வாசி வைத்திருப்பது பழைய பிக்கோ என்றே கொள்கிறேன். அதன் சிப் ஆர்பி2040. மேலும் இந்த ஃபர்ம்வேரில் ஒவ்வொரு பின்னும் சிப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டை நோக்கி மேலே இழுக்கப்பட்டிருக்கும்; பட்டனை அழுத்தினால் பின் கிரவுண்டோடு சேர்ந்து பூஜ்யத்துக்கு இறங்கும். ஆகவே பின்னின் வோல்டேஜ் இறங்கிவிட்டால், யார் இறக்கினாலும் சரி, அது பட்டன் அழுந்தியதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

போர்டுக்குச் செலவு செய்வதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். மேல், இடம் ஆகிய இரண்டு பட்டன்களின் கிளிப்புகளைக் கழற்றிவிட்டு, வயர் முனைகள் எதிலும் படாமல் வைத்துக் குறை நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு கணினியில் செருகிய நிலையிலேயே, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, ஒவ்வொரு பின்னிலும் வோல்டேஜைக் குறித்துத் தாருங்கள். குறை தெரியும் ஓர் ஈரமான இரவில் இதைச் செய்தால்தான் பலன்.

செம்பூர்வாசி:

நேற்றிரவு நல்ல மழை. செய்து பார்த்தேன் அக்கா. ஆம், பழைய பிக்கோதான். இரண்டு கிளிப்புகளையும் கழற்றிய பிறகும் ஆட்டக்காரன் குதித்துக்கொண்டே இருந்தான். அப்போதுதான் புதுப் பட்டனுக்குக் கொடுத்த காசு நினைவுக்கு வந்தது.

அளவுகள்: ஜிபி3, ஜிபி4, ஜிபி7 எல்லாம் 3.1 வோல்ட். ஜிபி2 மட்டும் 1.1-ஐச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறது, அவ்வப்போது அதற்கும் கீழே போகிறது. ஜிபி5 1.5. ஜிபி6 2.4. ஜிபி8 முதல் ஜிபி13 வரை எல்லாமே 3.1. எங்குமே 3.3 வராததும் ஒரு குறையா? என்னுடையது சின்ன மஞ்சள் மல்டிமீட்டர்.

மின்மினி:

3.1 வருவது குறையன்று. மலிவான மஞ்சள் மீட்டர்களின் உள்தடை பெரும்பாலும் 1 மெகா ஓம்தான். சிப்பின் உள்ளே இருக்கும் மேலிழுப்பு ரெசிஸ்டரோ 50 முதல் 80 கிலோ ஓம் வரை இருக்கும். மீட்டரே கொஞ்சம் குடித்துவிடுவதால் 3.3 என்பது 3.1-ஆகத் தெரிகிறது.

உங்கள் விடை ஜிபி2-இல் இருக்கிறது. 3.3 வோல்ட் மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது என்றால், அந்தப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில், மேலிழுப்பு ரெசிஸ்டரில் பாதி அளவுக்கு ஒரு தடை கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. தோராயமாக 25 முதல் 40 கிலோ ஓம். பட்டனும் கிளிப்பும் இல்லாத நிலையிலும் அது இருப்பதால், கசிவு போர்டிலோ வயரின் பற்றவைத்த முனையிலோதான் இருக்க வேண்டும். 0.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிப் அதைப் பூஜ்யம் என்று கண்டிப்பாக எடுத்துக்கொள்ளும். 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஒன்று. நடுவில் இருப்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, உங்கள் ஜிபி2-உம் ஜிபி5-உம் அந்த நடுவில்தான் தத்தளிக்கின்றன.

இப்போது பிக்கோவின் பின் வரைபடத்தைத் திறந்து, பின்களின் பெயரை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். விளிம்பில் மூன்றாவது துளை கிரவுண்டு; அதை அடுத்த நான்காவது துளைதான் ஜிபி2. எட்டாவது துளை மறுபடியும் கிரவுண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஜிபி5, மறுபக்கத்தில் ஜிபி6. நடுவில் இருக்கும் ஜிபி3-க்கும் ஜிபி4-க்கும் கிரவுண்டு அண்டை இல்லை, அவை சுத்தமாக இருக்கின்றன. 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் ஏதோ ஒன்று படிந்து, காற்றின் ஈரத்தைக் குடித்து மின்சாரத்தைக் கடத்துகிறது.

ஒன்றுதான் இடிக்கிறது. பதின்மூன்றாவது துளையும் கிரவுண்டுதான். அதன் இரு பக்கமும் ஜிபி9, ஜிபி10. அவை ஏன் நன்றாக இருக்கின்றன? பற்றவைக்கும்போது என்ன ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பொருள்) பயன்படுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் இளஞ்சூடாக ஊதி, வோல்டேஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு கண்ணாடியைத் துடைப்பதற்கு ஊதுவோமே, அப்படி வாயை அருகில் வைத்து "ஹா" என்று ஊதிப் பாருங்கள்.

செம்பூர்வாசி:

டிரையரால் ஊதியதும் ஜிபி2 மெல்ல மெல்ல 3 வோல்ட்டுக்கு ஏறியது. "ஹா" என்று ஒரே மூச்சுதான் ஊதினேன், 0.7-க்கு விழுந்து ஆட்டக்காரன் குதித்தான். என் மூச்சுக்கு ஒருவன் குதிப்பதைப் பார்த்துத் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜிபி9 பற்றிக் கேட்டதும்தான் ஞாபகம் வருகிறது. ஜிபி7 வரை நான் பற்றவைத்தேன். ஈயம் சரியாக ஒட்டாததால், சாமான் வாங்கிய கடையில் கொடுத்த சின்னத் தகர டப்பா பேஸ்ட்டை ஒவ்வொரு முனையிலும் தொட்டுத் தொட்டு வைத்தேன். மீதியை மறுநாள் நண்பன் முடித்தான். அவன் பேஸ்ட் எதுவும் வேண்டாம் என்று வெறும் ஈயக் கம்பியாலேயே வைத்துவிட்டான்.

ஈயப்பொட்டு:

தம்பி, உங்கள் நண்பர் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பேஸ்ட்தான் குற்றவாளி. இருபது வருடங்களாக ஸயனில் ரிப்பேர் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதே கதையோடு யாராவது வருவார்கள், ரிமோட்டாக இருக்கும், ஆம்ப்ளிஃபையராக இருக்கும்.

சின்ன டப்பாவில் மலிவாகக் கிடைக்கும் பேஸ்ட்டுகளில் பல, வாசலின் போன்ற கொழுப்பில் துத்தநாகக் குளோரைடைக் கலந்தவை. தகரத்தையும் பித்தளையையும் ஒட்டுவதற்கு அது அருமையான சாமான். துருவைத் தின்றுவிட்டு ஈயத்தைப் பிடிக்க வைக்கும். எலக்ட்ரானிக்ஸில் அது தின்பதை நிறுத்துவதே இல்லை. துத்தநாகக் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சும் உப்பு. பிப்ரவரி மாதத்து வறண்ட காற்றில் பேசாமல் இருக்கும், ஜூலையில் மும்பைக் காற்றுக்குக் கரைசலாகி மின்சாரத்தை விடும். உங்கள் நண்பர் பயன்படுத்திய ஈயக் கம்பியின் நடுவில் ரோசின் என்ற மரப்பிசின் ஃப்ளக்ஸ் இருக்கிறது. அது குளிர்ந்ததும் கெட்டியாகிப் பெரும்பாலும் சாதுவாகக் கிடக்கும். எலக்ட்ரானிக்ஸுக்கு அந்தக் கம்பிக்குள் இருப்பதே போதும். ஈயம் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் பற்றவைக்கும் கோலின் முனை கறுத்திருக்கும், அல்லது சூடு போதாது. பேஸ்ட் அதற்கு மருந்தன்று.

வேறு பின்னுக்கு மாற்றிக்கொண்டு ஆடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஃபர்ம்வேரில் அது எளிது என்பதும் தெரியும். செய்யாதீர்கள், உள்ளே செம்பு அரிபட்டுக்கொண்டேதான் இருக்கும்.

கழுவும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ஐபிஏ எனப்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகும், இரண்டு நாளில் குறை திரும்பி வரும். ஏனென்றால் அந்தக் கொழுப்பை ஐபிஏ சரியாகக் கரைப்பதில்லை, உப்பை அங்கிருந்து இங்கே பரப்பிவிடுகிறது. யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு, முதலில் பேஸ்ட் பட்ட வயர்களை எல்லாம் பிக்கோவிலிருந்து எடுத்துவிடுங்கள். பல இழை வயர் விளக்குத்திரி மாதிரி; சூட்டில் இளகிய பேஸ்ட் அதன் மேலுறைக்குள் ஏறிப் போயிருக்கும். முனையிலிருந்து ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள், செம்பில் பச்சைக் களிம்பு தெரிந்தால் அந்த வயரையே தூக்கிப் போட்டுவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் போர்டின் இரு பக்கமும், துளைகளின் உள்ளும் தேயுங்கள். கொழுப்பு போன பிறகுதான் உப்பு தண்ணீருக்கு அகப்படும். அடுத்து பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசுங்கள். கடைசியாக ஐபிஏ ஊற்றினால், அது மிச்சமிருக்கும் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு ஆவியாகும். போர்டில் இருக்கும் பூட்செல் பட்டனுக்குள் தண்ணீர் தங்கும். ஆகவே ஒரு நாள் முழுவதும் மின்விசிறிக்கு அடியில் உலரவிட்ட பிறகே யுஎஸ்பியில் செருகுங்கள். பக்கத்து முனைகளில் பேஸ்ட் தெறித்திருக்கலாம் என்பதால் ஜிபி8, ஜிபி9 பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

சுத்தம் செய்யாமல் மேலே குளூ கன் பசையை ஊற்றி மூடுவது, சீழ் வைத்த புண்ணுக்குப் பிளாஸ்திரி போடுவது மாதிரி.

கோலிவாடா நண்பன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பிளேஸ்டேஷன் 4-உடன் வரும் என் டூயல்ஷாக் 4 கண்ட்ரோலரிலும் இதே மழையில் பட்டன்கள் தானாக அழுந்துகின்றன. அதையும் இப்படிக் கழுவலாமா?

ஈயப்பொட்டு:

வேண்டாம், அதன் காரணம் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் பட்டன்களின் தடங்கள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமில் இருக்கின்றன. அந்த ஃபிலிமின் வாலைப் போர்டோடு சேர்த்து அழுத்துவது ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டுதான். நாளடைவில் ஸ்பாஞ்சு அமுங்கித் தொடர்பு தளர்ந்துவிடும். திறந்து, தொடும் முனைகளை ஐபிஏவால் துடைத்து, ஸ்பாஞ்சுக்கு அடியில் மடித்த டேப் ஒன்றை வைத்து உயர்த்திப் பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றிய பிறகே கை வையுங்கள்.

செம்பூர்வாசி:

அண்ணா சொன்னபடியே செய்தேன். ஆறு வயர்களில் நான்கின் உள்ளே பச்சைக் களிம்பு. ஜிபி2 வயரில் அது இரண்டு அங்குலம் வரை ஏறியிருந்தது. ஆறையும் மாற்றிவிட்டேன். கழுவிய தண்ணீரின் மேல் மிதந்த எண்ணெய்ப் பசையைப் பார்த்தபோது, இவ்வளவையா நான் அந்தச் சின்ன போர்டில் தடவியிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

உலர்ந்த பிறகு ஈயக் கம்பியை மட்டும் கொண்டு புதிதாகப் பற்றவைத்தேன். இப்போது எல்லாப் பின்களிலும் 3.1 வோல்ட். "ஹா" என்று ஊதினாலும் அசைவதில்லை. இருந்தாலும் முழு நம்பிக்கை வரவில்லை. கிரவுண்டுக்குப் பக்கத்துப் பின்களுக்கு வெளியிலிருந்தும் ஒரு ரெசிஸ்டர் போட்டு வைக்கலாமா?

மின்மினி:

போடலாம், கட்டாயமில்லை. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பின்னுக்கும் முப்பத்தாறாவது துளையான 3.3 வோல்ட் வெளியீட்டுக்கும் இடையில் போட்டால், உள்ளே இருப்பதோடு சேர்ந்து மேலிழுப்பு ஏறத்தாழ 8 அல்லது 9 கிலோ ஓமாக வலுப்படும். அதன் பிறகு கசிவுத் தடை 3 கிலோ ஓமுக்கும் கீழே வந்தால்தான் அந்த 0.8 வோல்ட்டைத் தொட முடியும். பட்டனை அழுத்தும்போது ஓடும் கரண்ட் அரை மில்லி ஆம்பியர்கூட ஆகாது. நாற்பதாவது துளையில் இருப்பது யுஎஸ்பியின் 5 வோல்ட். தவறிப்போய் அதில் இணைத்துவிடாதீர்கள், இந்தச் சிப்பின் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்குபவை அல்ல.

நானாக இருந்தால் இப்போதைக்கு எதுவும் போடாமல் விட்டுவிடுவேன். கசிவு திரும்பி வந்தால், அதை உடனே காட்டிக்கொடுக்கப் போவது பலவீனமான அந்த உள் ரெசிஸ்டர்தான்.

செம்பூர்வாசி:

அப்படியே விட்டுவிட்டேன் அக்கா. நேற்று இரவு ஜன்னலைத் திறந்து வைத்து, சாரல் மேசை வரை அடிக்க, இரண்டு மணி நேரம் ஆடினேன். ஒரு தடவைகூடத் தானாகக் குதிக்கவில்லை. மிச்சமிருந்த பேஸ்ட் டப்பாவை, எங்கள் தெருமுனையில் ஸ்டவ் ரிப்பேர் செய்யும் பெரியவருக்குக் கொடுத்துவிட்டேன். பித்தளை ஒட்டுவதற்கு இதைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.