ஹீத்கோட் அருகே 20 ஏக்கர்: ஆலிவ் தோப்பு வைக்க எதிலிருந்து தொடங்குவது?

செம்மண்மேடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விக்டோரியாவில் ஹீத்கோட்டுக்கு வடக்கே சென்ற ஆண்டு 20 ஏக்கர் நிலம் வாங்கினோம். நானும் கணவரும் பெண்டிகோவில் வேலை பார்க்கிறோம். சனி, ஞாயிறுகளில்தான் நிலத்துக்குப் போக முடிகிறது. மேல்பாதி நல்ல சிவப்பு மண். கீழ்ப்பாதி சாம்பல் நிறக் களி; கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. முன்பு ஆடு மேய்ந்த நிலம். நடுவில் ஒரு குட்டை இருக்கிறது.

12 ஏக்கரில் எண்ணெய்க்காக ஆலிவ் வைக்க ஆசைப்படுகிறோம். அப்பா தேனிப் பக்கம் 30 ஆண்டுகளாக மாந்தோப்பு பார்க்கிறவர். மரம் வளர்ப்பது எனக்குப் புதிதல்ல. இந்த மரம்தான் புதிது. கன்று விற்பவர் 4 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் வேலிபோல் நெருக்கி நடச் சொல்கிறார், அர்பெக்கினா ரகமே போதும் என்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் 8-க்கு 5 மீட்டர் என்கிறார். படம் அனுப்பியதைப் பார்த்துவிட்டு அப்பா, "மாமரம் மாதிரி 10 மீட்டர் விடு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எந்த ரகம்? சொந்தமாக எண்ணெய் ஆலை வேண்டுமா? எத்தனை ஆண்டில் வருமானம் வரும்? வசந்தத்தில் நட்டுவிட நினைக்கிறோம்.

மலையடித்தோப்பு எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் கிராம்பியன்ஸ் மலையடிவாரத்தில் 900 மரங்களோடு தொடங்கியவன். நீங்கள் கேட்டவை எல்லாம் சரியான கேள்விகள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போயிருக்கிறது: மழை பெய்து ஓய்ந்தபிறகு உங்கள் மண்ணுக்குள் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது?

நான் இதைக் கேட்காமலே நட்டேன். 2008-இல் நட்டபோது நீண்ட வறட்சியின் கடைசிக் காலம். கடப்பாரை போட்டால் பொறி பறக்கும் தரை. தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதே அன்றைய கவலை. வந்த தண்ணீர் எப்படி வெளியேறும் என்று நான் யோசிக்கவில்லை. 2010 செப்டம்பரில் மழை பிடித்தது. 2011 ஜனவரியில் எங்கள் பக்கமெல்லாம் வெள்ளம். என் தோப்புக்குள் ஆற்று வெள்ளம் வரவில்லை. ஆனால் மேல்மண் ஒரு முழம், அதற்குக் கீழே தண்ணீர் இறங்காத களி. நடுவில் தண்ணீர் தேங்கி நின்றது. இலைகள் முதலில் பளபளப்பை இழந்தன, பிறகு மஞ்சளாகி உதிர்ந்தன. நோய் என்று நினைத்து மருந்து அடித்தேன். ஒரு மரத்தை ஆட்டிப் பார்த்தபோது கையோடு வந்துவிட்டது. வேரைக் கிள்ளினேன், தோல் உறைபோலக் கழன்று விரலில் ஒட்டிக்கொண்டது, உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் தேயிலைச் சக்கையின் நிறத்தில் இருந்தது. அந்த ஆண்டில் 260 மரங்கள் போயின. மூன்று ஆண்டு வளர்த்த மரங்கள்.

ஆலிவ் மரம் கல்லிலும் வளரும், வறட்சியையும் தாங்கும். ஆனால் வேர் மூச்சுவிடாமல் நின்றால் செத்துப்போகும். ஆகவே கன்றுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். இந்தக் குளிர்காலத்தில் மேல்பாதியில் இரண்டு, கீழ்ப்பாதியில் மூன்று என ஒரு மீட்டர் ஆழக் குழிகள் வெட்டுங்கள். வெட்டும்போதே பக்கச் சுவரைப் பாருங்கள்: மண்ணின் நிறம் எந்த ஆழத்தில் மாறுகிறது, துருப்பிடித்ததுபோல் ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கின்றனவா, பழைய புல்வேர் எதுவரை போயிருக்கிறது. புள்ளிகள் தொடங்கும் இடம்தான் தண்ணீர் நின்று பழகிய இடம். பிறகு குழியை நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி நேரம் குறியுங்கள். ஒரு நாளில் வடிந்தால் மகிழ்ச்சி. இரண்டு நாள் தாண்டியும் நின்றால் அங்கே வெறுமனே நடக்கூடாது. ஒவ்வொரு குழியிலிருந்தும் மேல்மண்ணும் அடிமண்ணும் தனித்தனியாக மண் ஆய்வுக்கு அனுப்புங்கள். அடிமண்ணில் சோடியம் மிகுந்திருந்தால் ஜிப்சம் உதவும். அமிலம் மிகுந்திருந்தால் சுண்ணாம்பு. இரண்டையும் நடுவதற்கு முன்பே ஆழ உழுது கலக்க வேண்டும். மரம் நின்ற பிறகு அடிமண்ணை யாராலும் திருத்த முடியாது.

நிலத்தில் இதற்குமுன் உருளைக்கிழங்கோ தக்காளியோ போட்டிருக்கிறார்களா என்று பழைய உரிமையாளரிடம் கேளுங்கள். வெர்டிசிலியம் என்ற வாடல் பூஞ்சை அவற்றின் வழியாக மண்ணில் தங்கி, பல ஆண்டுகள் கழித்தும் ஆலிவைப் பிடிக்கும். ஆடு மட்டுமே மேய்ந்தது என்றால் நல்லது.

இடைவெளிக்கு வருகிறேன். அறுவடையை யார், எதைக் கொண்டு செய்வார்கள் என்பதே இடைவெளியைத் தீர்மானிக்கும். நெருக்கி நடும் முறை, வரிசைக்கு மேலேறி ஓடும் திராட்சை அறுவடை இயந்திரம் போன்ற ஒன்றுக்காக வந்தது. மரத்தை இரண்டரை மீட்டருக்கு மேல் போகவிடாமல் ஆண்டுதோறும் வெட்ட வேண்டும். அர்பெக்கினா, அர்போசானா, கொரோனைக்கி போன்ற அடக்கமாக வளரும் ரகங்களே அதற்கு ஒத்துவரும். ஹெக்டேருக்கு 1,667 மரம். உங்கள் 12 ஏக்கர் என்பது சுமார் 5 ஹெக்டேர்; அதற்கு 8,000-க்கு மேல் கன்று வாங்க வேண்டும். 8-க்கு 5 என்றால் ஹெக்டேருக்கு 250, மொத்தம் 1,250. கன்று விற்பவர் முதல் கணக்கைச் சொல்வதில் வியப்பில்லை. ஒப்பந்தத்துக்கு அந்த இயந்திரம் உங்கள் நிலத்துக்கு வரும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் மட்டும் நெருக்கி நடுங்கள். இல்லையென்றால் பக்கத்து நிலத்துக்காரர் சொல்வதே சரி. அப்பாவின் 10 மீட்டரும் தவறில்லை. மானாவாரியாக விட்டால் அந்த இடைவெளிதான் மரத்தைக் காப்பாற்றும், ஆனால் 12 ஏக்கருக்கு வருமானம் குறையும். வரிசைகளை வடக்கு தெற்காக ஓட்டுங்கள். சரிவில் வடக்கு பார்த்த பக்கம்தான் இந்த நாட்டில் வெயில் பக்கம், ஊர்க் கணக்கில் யோசித்துவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் குட்டை ஆடுமாடுகளுக்கும் வீட்டுக்கும் உரியது. விற்பனைக்கான தோப்புக்கு அதிலிருந்து பாய்ச்ச விக்டோரியாவில் உரிமம் வேண்டும். உங்கள் பகுதி நீர் வாரியத்தில் முதலில் விசாரியுங்கள். நான் சொட்டுநீரில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2 முதல் 3 மெகாலிட்டர் கொடுக்கிறேன். உங்கள் 5 ஹெக்டேருக்கு அது 10 முதல் 15 மெகாலிட்டர். ஒரு மெகாலிட்டர் 10 லட்சம் லிட்டர். மழையை மட்டும் நம்பினாலும் மரம் சாகாது. ஆனால் பூக்கும் அக்டோபர், நவம்பரிலும் காயில் எண்ணெய் ஏறும் கோடைக் கடைசியிலும் ஈரம் இல்லாவிட்டால், ஓர் ஆண்டு காய்த்து மறு ஆண்டு ஓயும் இயல்பு இன்னும் மோசமாகும்.

ரகத்தில் ஒன்றையே நம்ப வேண்டாம். காற்றில் மகரந்தம் பரவும் மரம் இது. பல ரகங்கள் துணை ரகம் இருந்தால்தான் நன்றாகக் காய்க்கும். என் தோப்பில் ஃப்ரான்டோயோ பாதிக்குமேல், மீதி லெச்சினோவும் கொராட்டினாவும். லெச்சினோ குளிர் தாங்கும், முன்னதாகப் பழுக்கும், ஆனால் தனியாக நின்றால் காய்ப்பு சொற்பம். கொராட்டினா எண்ணெய் கசப்பும் காரமுமாக நீண்ட நாள் கெடாமல் நிற்கும். ஆனால் தாமதமாகப் பழுப்பதால் பனி தேங்கும் பள்ளத்தில் வைக்காதீர்கள். மரத்தில் நிற்கும் காய் உறைந்துவிட்டால் எண்ணெயும் கெடும். கொரெஜியோலா என்று விற்கப்படும் கன்றுகளில் பல ஃப்ரான்டோயோவேதான். இரண்டு ரகம் வைத்துவிட்டதாக எண்ணி ஒன்றையே இரு முறை வாங்கிவிடாதீர்கள்.

மூன்று, நான்கு ஆண்டில் கண்ணால் பார்க்கக் காய் வரும். செலவுக்கு ஈடு கொடுக்க ஏழெட்டு ஆண்டு ஆகும். வளர்ந்தபின் மரத்துக்கு 20 கிலோ என்று அடக்கமாகக் கணக்கிடுங்கள்: 1,250 மரத்துக்கு 25 டன், நூற்றுக்கு 15 எண்ணெய் என்றால் சுமார் 4,000 லிட்டர். அதை யாரிடம் விற்பது என்பதை மரம் வளரும்போதே யோசிக்கத் தொடங்கலாம்.

எள்ளுப்பூ எழுதியது:

தங்கச்சி, அடிலெய்டுக்கு வடக்கே ஓர் எண்ணெய் ஆலையில் 11 பருவம் வேலை செய்திருக்கிறேன். ஆலை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் செக்கு இருந்தது. எள்ளைக் காயவைத்து மூட்டையில் கட்டி, வேண்டும்போது எடுத்து ஆட்டலாம். ஆலிவை அப்படி நினைத்துத்தான் பலர் முதல் அறுவடையைக் கெடுக்கிறார்கள். இது விதை எண்ணெய் அல்ல, பழத்தைப் பிழிந்தெடுக்கும் எண்ணெய். கரும்பை வெட்டினால் எவ்வளவு அவசரமோ இதற்கும் அவ்வளவு அவசரம். பறித்த 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும்.

ஒரு முறை ஒரு குடும்பம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பறித்து, பெரிய தொட்டியில் நிரப்பித் திங்கள் காலை கொண்டுவந்தார்கள். மேலே பார்த்தால் அழகான பழம், பாதி பச்சை, பாதி கத்தரிப்பூ நிறம். முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். ஈரச் சாணக் குவியலுக்குள் விட்டதுபோல் சூடு. எடுத்த கையில் புளித்த மாவு வாசம். அரைத்தோம், எண்ணெயும் வந்தது. ஆனால் எக்ஸ்ட்ரா வர்ஜின், அதாவது முதல் தரம், என்று போத்தலில் எழுத முடியவில்லை. அதற்கு எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பமிலத்தின் அளவு நூற்றுக்கு 0.8-ஐத் தாண்டக் கூடாது, சுவைத்துப் பார்ப்பவர்கள் ஒரு குறையும் கண்டுபிடிக்கக் கூடாது. அந்த அம்மா கண்கலங்கி நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. ஓர் ஆண்டு உழைப்பு மூன்று நாளில் கெட்டுவிட்டது.

நீங்கள் வார இறுதியில்தான் நிலத்துக்குப் போக முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்: நடுவதற்கு முன்பே, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எந்த ஆலை பிறருக்கு அரைத்துக் கொடுக்கிறது, குறைந்தது எத்தனை கிலோ எடுக்கும், ஞாயிறு இரவு பழம் வாங்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறுவடை நடக்கும் மே, ஜூனில் இருவருக்கும் விடுப்பு கிடைக்குமா என்பதையும் பாருங்கள். சொந்த ஆலை இப்போது வேண்டாம். அரைத்த விழுதை 27 பாகை செல்சியஸுக்குமேல் சூடாக்காமல் பிசைய வேண்டும், ஒவ்வொரு நாளும் இயந்திரத்தைக் கழுவி எடுக்க வேண்டும். கழிவுநீரை எங்கே விடுவது என்பதே ஒரு தனித் தலைவலி. முதல் பணத்தை எவர்சில்வர் தொட்டிகளில் போடுங்கள். வெளிச்சமும் காற்றும் படாமல் வைத்தால்தான் நல்ல எண்ணெய் நல்லதாகவே இருக்கும்.

காவிரிக்கரை எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். கும்பகோணம் பக்கம் இதை வைக்க முடியுமா? கன்று இணையத்தில் கிடைக்கிறது.

மலையடித்தோப்பு எழுதியது:

வேண்டாம் தம்பி. இலை தழைத்து அழகாக வளரும், ஆனால் பூக்காது. பூமொட்டு உருவாகக் குளிர்கால இரவுகளின் குளிர் போதிய நாள் வேண்டும். ராஜஸ்தானில் 2008 வாக்கில் இஸ்ரேலிலிருந்து கன்று வரவழைத்து அரசுப் பண்ணைகளில் நட்டார்கள். லூன்கரன்சரில் எண்ணெய் ஆலையும் வந்தது. பாலைநிலத்துக் குளிர்கால இரவு அங்கே அதற்குக் கைகொடுக்கிறது. உங்கள் ஊர் மார்கழிக்கு அந்த வலு கிடையாது.

செம்மண்மேடு எழுதியது:

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அப்பாவுக்குத் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டினேன்.

சென்ற சனிக்கிழமை வாடகைக்குத் தோண்டும் இயந்திரம் எடுத்து ஐந்து குழிகளும் வெட்டினோம். மேல்பாதிக் குழிகள் இரண்டிலும் ஒரு மீட்டர் வரை ஒரே சிவப்பு, நடுவில் சுக்கான் கற்கள். இரண்டாம் முறை நிரப்பிய தண்ணீர் மறுநாள் காலை இல்லை. கீழே மூன்று குழிகளிலும் 35 சென்டிமீட்டரிலேயே சாம்பல் நிறம், நீங்கள் சொன்ன ஆரஞ்சுப் புள்ளிகள். புதன்கிழமை வேலை முடித்து ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தண்ணீர் அப்படியே நின்றது, மேலே ஒரு தவளை வேறு.

பெண்டிகோ பக்கம் ஓர் ஆலை, 500 கிலோவுக்குக் குறையாமல் கொண்டுவந்தால் ஞாயிறு மாலையும் வாங்குவதாகச் சொல்கிறது. நீர் உரிமத்துக்கு மனு போட்டிருக்கிறோம். பதில் வரச் சில மாதம் ஆகுமாம். இந்த வசந்தத்தில் நடவில்லை. மேல்பாதியில் மட்டும் 8-க்கு 5 கணக்கில் 900 மரம் வரும். கீழ்ப்பாதியில் மேட்டுப்பாத்தி எடுத்தால் எதிர்காலத்தில் நடலாமா, அல்லது ஆட்டுக்கே விட்டுவிடலாமா?

மலையடித்தோப்பு எழுதியது:

ஆட்டுக்கு விடுங்கள். 35 சென்டிமீட்டரில் புள்ளி என்றால் அரை மீட்டர் மேடும் போதாது. அந்த 260 இடங்களில் நான் மேடு எடுத்து மறுபடி நட்டுப் பார்த்தவன். இன்று அதில் 90 மரம்தான் நிற்கிறது. மேலே நடும் 900-க்கு முயலும் கங்காருவும் தொடாதபடி உறை போடுங்கள், அடித்தண்டில் இரவில் ஏறி இலையைக் கத்தரிக்கும் கூன்வண்டு இருக்கிறதா என்று முதல் இரண்டு கோடையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உரிமம் வந்ததும் எழுதுங்கள். குழாய் அளவு கணக்கிட நான் உதவுகிறேன்.