‘செயற்கை இனிப்பூட்டி’ போதுமா? – கர்ப்பகாலக் கட்டுரைக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கர்ப்பகாலத்தில் டயட் கோலா போன்றவற்றைக் குடிப்பதற்கும் பிள்ளையின் பிற்கால உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய கட்டுரைக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. வழக்கிலுள்ள ‘செயற்கை இனிப்பூட்டி’ எனக்கு ஒப்பவில்லை. ஸ்டீவியா சீனித்துளசி இலையிலிருந்து வருவது. செயற்கை என்றால் அது வெளியே நின்றுவிடும். ‘செயற்கைதானே ஆகாது, இலைச்சாறு ஆகுமே’ என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘ஊட்டமிலா இனிப்பூட்டி’யும் இடிக்கிறது. டயட் பானங்களில் சேரும் அஸ்பார்ட்டேம் கிராமுக்கு 4 கிலோகலோரி தரும். சர்க்கரையைவிட 200 மடங்கு இனிப்பதால் இம்மியளவே போதும், அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் இவற்றைச் சர்க்கரை வகையைச் சேராதவை என்று குறிக்கிறது. என் முன்மொழிவு: சர்க்கரையல்லா இனிப்பூட்டி. ‘இல்லா’ வேண்டாம். இன்மை வேறு, அன்மை வேறு. சர்க்கரையில்லா பிஸ்கட்டில் சர்க்கரை சேர்க்கவில்லை. சர்க்கரையல்லா இனிப்பூட்டியோ தானே சர்க்கரை அன்று.

---

> என் முன்மொழிவு: சர்க்கரையல்லா இனிப்பூட்டி

இன்மை–அன்மை அருமை. ஆனால் சர்க்கரை ஆல்கஹால் வகை இனிப்பூட்டிகளான சார்பிட்டாலும் மால்டிட்டாலும்கூடச் சர்க்கரை அல்லவே? அந்த வழிகாட்டுதல் அவற்றைச் சேர்க்கவில்லை என்று அடிக்குறிப்பு போடவேண்டிவரும். இனிப்பின் கடுமையை வைத்துப் பிரித்தால் சிக்கல் தீரும்: சார்பிட்டால் சர்க்கரை அளவுக்குக்கூட இனிக்காது, சுக்ரலோஸ் 600 மடங்கு. ‘செறிவு’ வேதியியலில் கரைசலுக்குப் போய்விட்டது. ‘வீரியம்’ என்றால் விதைக்கடை நினைவு வரும். ‘வல்லினிப்பு’ இலக்கண வகுப்புக்கு இழுக்கும். வீறினிப்பூட்டி என்று வைக்கலாமா?

---

இருவருக்கும் வணக்கம். வேதியியல் அட்டவணைக்கு வீறினிப்பூட்டி பொருந்தும். கர்ப்பிணி படிக்கும் பத்தியில் ‘சர்க்கரையல்லா’வே இருக்கட்டும், அகராதி தேடாமல் புரிகிறது.

எந்தச் சொல்லை வைத்தாலும் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். அஸ்பார்ட்டேம் குடலிலேயே ஃபினைல்அலனின், அஸ்பார்ட்டிக் அமிலம், மெத்தனால் என்று உடைந்துவிடும். ஃபினைல்கீட்டோனூரியா (ஃபினைல்அலனினை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத பிறவிக் குறைபாடு) உள்ள தாய் அதை அறவே தவிர்க்கவேண்டியது அதனால்தான். சாக்கரின் உடையாமல் நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. சுக்ரலோஸும் அசிசல்ஃபேம் பொட்டாசியமும் பனிக்குட நீரில் காணப்பட்டுள்ளன. அளவும் வேறு: நாளொன்றுக்கு ஏற்கத்தக்க அளவு என்று சர்வதேச நிபுணர் குழு சொல்வது, உடல் எடையில் கிலோவுக்கு அஸ்பார்ட்டேம் 40 மி.கி., சாக்கரின் 5 மி.கி. அதாவது 60 கிலோ எடைக்கு முறையே 2,400 மி.கி., 300 மி.கி.

என் பெரிய ஆட்சேபம் வரைவின் தலைப்பிலுள்ள ‘பாதிப்பு’ மேல். அது தீங்கு நடந்துவிட்டது என்று முடிவுகட்டும் சொல். 2016இல் வெளியான கனடா ஆய்வில் 3,033 தாய்–சேய் இணைகள். இத்தகைய பானத்தைத் தினமும் குடித்த தாயரின் குழந்தைகள் ஒரு வயதில் அதிக எடையோடிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. சர்க்கரைப் பானத்தில் அப்படித் தென்படவில்லை. கர்ப்பகால நீரிழிவு இருந்த டென்மார்க் தாயரின் பிள்ளைகளிடம் 7 வயதிலும் இதே போக்கு. ஆனால் இரண்டும் கவனித்துப் பதிந்த ஆய்வுகள். எடை கூடிய தாயும் சர்க்கரை ஏறிய தாயும்தான் டயட் பானத்துக்கு மாறுவார்கள். கணக்கில் சரிக்கட்டினாலும் அது முழுக்கக் கழியாது. ஆகவே ‘தொடர்பு’ என்றே எழுதுங்கள். எலிகளில் பார்த்த குடல் நுண்ணுயிர் மாற்றத்துக்கு ‘விளைவு’ தகும். அங்கே கொடுத்ததும் கொடுக்காததும் நம் கையில்.

கருவிலிருக்கும்போதைய சூழல் பிற்கால உடல்நலத்தை வகுத்துவைப்பதைக் குறிக்கும் ‘கருக்கால நிரலாக்கம்’ என்பதையும் எடுத்துவிடலாம். நிரலாக்கம் கணினிக்காரர் சொல். ‘பதிவு’ மரபணுவியலுக்குப் போயாயிற்று. ‘கருவினை’ அழகுதான், ஆனால் வினை என்றதும் பழி தாய் தலையில் விழும். ‘கருக்கால முன்னமைவு’ என் தேர்வு.

இனிப்பூட்டிகளின் தனிப்பெயர்களைத் தமிழாக்க வேண்டாம். பாக்கெட்டில் ஒப்பிட்டுப் பார்க்க, உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண்களையும் சேருங்கள்: அசிசல்ஃபேம் 950, அஸ்பார்ட்டேம் 951, சாக்கரின் 954, சுக்ரலோஸ் 955, ஸ்டீவியா 960.